தராசு யார் கையில்? ஒரு ஸ்கொட்லாந்துச் சொல்லும் மட்டக்களப்பு வண்ணக்கரும்

ஸ்கொட்லாந்து மக்களின் பேச்சில் 'துரோன்' என்றொரு பழைய சொல் இருக்கிறது. எங்கள் காதில் அது விழுந்தால் முதலில் நினைவுக்கு வருவது ஆளில்லா வேவு விமானம்தான். வன்னியில் அதை வண்டு என்றார்கள். அந்த இரைச்சலைக் கேட்டுப் பதுங்கியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் நான் சொல்ல வருவது வேறு. இந்தத் துரோன் ஒரு தராசு. சந்தை நடுவில், எல்லாருடைய கண்ணும் படும் இடத்தில், நகரத்தின் பொறுப்பில் நின்ற பெரிய பொதுத்தராசு.

தூரதேசத்துத் தராசு ஒன்றின் கதை மட்டக்களப்பு வாவிக்கரையில் இருப்பவர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். மாரியில் விதைத்து, தை மாசியில் வெட்டி, வயல் வரம்பிலேயே யாவாரியின் தராசில் நெல்லை ஏற்றிவிட்டு, அவர் சொல்லும் நிறையைக் கேட்டுக்கொண்டு நிற்பவர்களுக்கு அந்தக் கதையில் ஒரு பங்கு இருக்கிறது. எங்களிடமும் அதைப்போல ஒரு சொல் இருக்கிறது. அதை நாங்கள் நாளும் சொல்கிறோம். அது நிறுவையோடு சம்பந்தப்பட்டது என்பதை மட்டும் மறந்துவிட்டோம்.

சந்தை நடுவில் நின்ற தராசு

துரோன் என்பது கிரேக்கத்தில் பிறந்து, இலத்தீனுக்குப் போய், பழைய பிரெஞ்சு வழியாக ஸ்கொட்லாந்துக்கு வந்த சொல். மூலத்தில் அதன் பொருள் தராசு என்பதுதான். மத்திய காலத்தில் ஸ்கொட்லாந்தின் சந்தை நகரங்களில் கம்பம் நாட்டி, குறுக்கே விட்டம் போட்டு, அதில் பெரிய தராசைத் தொங்கவிட்டார்கள். ஆட்டு மயிர், வெண்ணெய், பாற்கட்டி, கொழுப்பு, உப்பு போன்றவை அங்கே நிறுக்கப்பட்டன. தலைநகரான எடின்பரோவில் இப்படி இரண்டு இருந்தன. ஒன்றை வெண்ணெய்த் துரோன் என்றார்கள், மற்றதை உப்புத் துரோன் என்றார்கள்.

ஒரு சொல் ஊரில் வேரூன்றிவிட்டதா என்பதை அது போட்ட குட்டிகளைக் கொண்டு அறியலாம். துரோனில் நிறுப்பதற்குக் கொடுக்கும் கட்டணத்துக்கு அதிலிருந்தே ஒரு பெயர் வந்தது. அதைக் கவனிக்கும் உத்தியோகத்தருக்கு ஒரு பெயர் வந்தது. அங்கே நிறுக்கப் பயன்பட்ட இறாத்தலுக்குத் துரோன் இறாத்தல் என்று பெயர். எடின்பரோவில் புகைக்கூண்டு துடைக்கும் தொழிலாளர்கள் வேலைக்கு ஆள் வரும்வரை அந்தத் தராசடியில் காத்து நின்றார்கள். அதனால் அவர்களுக்கே 'துரோன்காரர்' என்று பெயராகிவிட்டது. தராசைத் தொடாதவனுக்கும் தராசின் பெயர்.

இன்னொரு வேலையும் அங்கே நடந்தது. கள்ள நிறை நிறுத்தவர்களையும் வேறு குற்றங்களில் அகப்பட்டவர்களையும் அந்தக் கம்பத்தடியில் நிறுத்தித் தண்டித்தார்கள். காதைக் கம்பத்தோடு வைத்து ஆணி அடிப்பதும் அந்தத் தண்டனைகளில் ஒன்று. கூட்டம் கூடும் இடத்தில் எதைச் செய்தாலும் அது செய்தியாகிவிடும் என்பது அதிகாரம் வைத்திருப்பவர்களுக்கு எந்தக் காலத்திலும் தெரியும். எங்கள் சந்திகளில் விளக்குக் கம்பங்கள் ஒருகாலத்தில் எதற்குப் பயன்பட்டன என்பதை இங்கே எழுதித்தான் தெரியவேண்டும் என்றில்லை.

ஆகவே பொதுத்தராசு என்றவுடன் அது நீதியின் வடிவம் என்று நாங்கள் உருகிப்போகத் தேவையில்லை. துரோன் இறாத்தலின் கதை அதைச் சொல்லும். சாதாரண இறாத்தலுக்குப் 16 அவுன்ஸ். துரோன் இறாத்தலோ ஊருக்கு ஊர் மாறி, 20 அவுன்சுக்கு மேலிருந்து 28 அவுன்ஸ் வரை போனது. நாட்டுப்புறத்தான் கொண்டுவரும் வெண்ணெயும் பாற்கட்டியும் இந்தப் பெருத்த இறாத்தலில் நிறுக்கப்பட்டன. விற்பவன் ஓர் இறாத்தல் என்று கொடுத்தது உண்மையில் ஒன்றேகால், ஒன்றரை இறாத்தல். 1618 இல் இந்த நிறையை ஒழிக்க அரசு முயன்றது, முடியவில்லை. 1707 இல் இங்கிலாந்தோடு ஒன்றிணைந்தபோது சட்டப்படி ஸ்கொட்லாந்தின் பழைய அளவைகள் போய்விட்டன, சந்தையில் போகவில்லை. 1824 இல் பேரரசு முழுவதற்கும் ஒரே அளவை என்று சட்டம் வந்த பிறகும் சில இடங்களில் வெண்ணெயும் வைக்கோலும் துரோன் நிறையில்தான் கைமாறின. இலாபம் தரும் நிறையை யாரும் இலேசில் விடமாட்டார்கள்.

வடக்கே ஓர்க்னித் தீவுகளில் இது வழக்காகவே போனது. அங்கே நிலவாடகையைக் காசாக இல்லாமல் தானியமாகவும் வெண்ணெயாகவும் கொடுத்தார்கள். நிறுப்பதற்கு 'பண்ட்லர்', 'பிஸ்மர்' என்ற கோல்தராசுகள். தலைமுறை தலைமுறையாக நிறையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கி, கொடுக்கவேண்டியதைவிட அதிகம் வாங்குகிறார்கள் என்று தீவின் நிலக்காரர்கள் மோர்ட்டன் பிரபுமீது வழக்குப் போட்டார்கள். 1733 இல் தொடங்கிய வழக்கு 1759 வரை இழுத்தது. கடைசியில் தோற்றவர்கள் வழக்குப் போட்டவர்கள்தான். வாடகை விகிதத்தை ஒருவரும் கூட்டவில்லை. தராசுதான் கனத்தது. பத்திரத்தில் எழுதிய எண் அப்படியே இருக்க, அந்த எண்ணின் பாரம் மட்டும் ஏறிப்போனது.

அந்த நாட்டவர் எங்கள் நாட்டுக்கும் வந்தார்கள். ஸ்கொட்லாந்தின் கின்காடின்சயரில் பிறந்த ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துராவில் தேயிலையைப் பயிரிட்டார். அவரைப்போலத் தோட்டத்துரைகளாக வந்த ஸ்கொட்லாந்துக்காரர் பலர். அந்தத் தோட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்கள் மக்களின் கூலி கொழுந்துத் தராசில்தான் தீர்மானிக்கப்பட்டது. இத்தனை நிறை பறித்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். கூடைக்கு இவ்வளவு கழி, ஈரத்துக்கு இவ்வளவு கழி. 1977, 1983 வன்செயல்களால் மலையகத்தை விட்டு வன்னிக்கும் கிழக்குக்கும் வந்து குடியேறிய குடும்பங்களில் இன்றும் மூத்த பெண்கள் இருந்தால் கேட்டுப்பாருங்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தைப் பற்றி அவர்களிடம் ஒரு கதையாவது இருக்கும்.

தராசு போனது, பெயர் நின்றது

எடின்பரோவின் வெண்ணெய்த் துரோன் நின்ற நிறுவை மண்டபத்தை 1822 இல் இடித்தார்கள். பிரித்தானிய மன்னர் நான்காம் ஜோர்ஜ் நகருக்கு வந்தபோது பாதையை விரிவாக்கவேண்டியிருந்தது. உப்புத் துரோனும் இல்லாமற்போனது. ஆனால் அதன் அருகில் 17ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட தேவாலயத்துக்கு இன்றைக்கும் துரோன் தேவாலயம் என்றுதான் பெயர். வழிபாடு 1952 இலேயே நின்றுவிட்டது. இருந்தாலும் பெயர் மாறவில்லை. கிளாஸ்கோவில் ஒரு பெரிய வீதிக்கே தராசின் பெயர். அங்கே தேவாலயமாக இருந்த ஒரு கட்டடம் இப்போது துரோன் என்ற பெயரில் நாடக அரங்காக நடக்கிறது. ஸ்கொட்லாந்தில் வீதியின் பெயரைச் சொல்லும் பலருக்கு, தாங்கள் சொல்வது தராசின் பெயர் என்ற நினைப்பு வருவதில்லை.

எங்களுக்கும் அதே கதைதான்.

எங்கள் பேச்சில் நிறுவை

தமிழில் நிறுப்பதற்குச் சொற்பஞ்சம் இல்லை. நிறு என்றால் எடை பார். அதிலிருந்து நிறுவை. நாங்கள் கடையில் சொல்வது அதைத்தான். எடு என்பதிலிருந்து எடை. தூக்கு என்பதற்கும் எடைபார் என்ற பொருள் உண்டு. நல்லது கெட்டதை ஆராய்வதைச் சீர்தூக்குதல் என்கிறோம் அல்லவா, அது தராசுப் பேச்சு. நடுவுநிலைமையைச் சொல்லவந்த வள்ளுவரும் தராசுக்கோலைத்தான் உவமையாக எடுத்தார். அதே தூக்கு என்ற சொல்தான் தூக்குத்தண்டனைக்கும் ஆகியிருக்கிறது. ஸ்கொட்லாந்தில் தராசுக் கம்பமும் தண்டனைக் கம்பமும் ஒன்றானதைப்போல எங்கள் மொழியில் இரண்டும் ஒரு சொல்லில் வந்து நிற்கின்றன. தராசு என்ற சொல்லோ பாரசீகத்திலிருந்து வந்தது.

துலா என்றால் எங்கள் பக்கத்துக்காரருக்குக் கிணற்றடிதான் ஞாபகம் வரும். நீண்ட மரம், நடுவில் ஆடுகால், ஒரு முனையில் பாரம், மறுமுனையில் கயிறும் வாளியும். தராசின் பெயரும் துலாதான். ஒரு முனை ஏற மறுமுனை இறங்கும் வேலை இரண்டுக்கும் பொது. வடமொழித் துலாவும், கிரேக்கத்தில் நிறையைக் குறித்த தலந்தோன் என்ற சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை என்று மொழியறிஞர்கள் சொல்வார்கள்.

எங்கள் நிறையும் வெளியே போயிருக்கிறது. கண்டி என்ற நிறையை வெள்ளைக்காரன் 'கெண்டி' என்று எழுதிக்கொண்டு, அதிலேயே கொழும்பில் கொப்பறா விற்றான். ஒரு கண்டி 560 இறாத்தல். தென்னந்தோட்டம் வைத்திருந்த குடும்பங்களில் பழைய கணக்குக் கொப்பிகளைப் புரட்டினால் இது இருக்கும்.

ஆனால் நான் சொல்லவந்த சொல் இவற்றில் எதுவும் இல்லை.

வண்ணக்கர் யார்?

மட்டக்களப்பிலும் அம்பாறையின் தமிழ் ஊர்களிலும் கோயிலுக்கு வண்ணக்கர் இருப்பார். கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரத்திலும், அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்திலும், இன்னும் பல கோயில்களிலும் இந்தப் பதவி உண்டு. திருவிழாத் துண்டுப்பிரசுரத்தில் பெயர் வரும். கொடியேற்றத்தில் முன்னால் நிற்பார். கோயிற் சொத்துக்கும் வரவு செலவுக்கும் பொறுப்பு அவர். யாழ்ப்பாணத்தில் தர்மகர்த்தா, மனேச்சர் என்பார்கள், இங்கே வண்ணக்கர். குடிவழி பார்த்து, தாய்வழியாக மாமனிலிருந்து மருமகனுக்கு இந்தப் பொறுப்பு இறங்குவது பல ஊர்களின் வழமை.

வண்ணக்கன் என்ற சொல்லைத் தமிழ் அகராதியில் தேடினால் கோயில் வராது. நாணயப் பரிசோதகன் என்று வரும். பொன்னையும் காசையும் உரைத்தும் நிறுத்தும், மாற்றுச் சரியா, நிறை சரியா என்று சொல்பவர். சங்கப் புலவர்களில் சிலரின் பெயருக்கு முன்னாலேயே இந்தத் தொழிற்பெயர் நிற்கிறது. புறநானூற்றில் பாடிய வடம வண்ணக்கன் தாமோதரனார் ஒருவர். பெயரோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு அது மதிப்பான தொழில்.

காசு பார்க்கிறவர் கோயிலுக்கு எப்படி வந்தார் என்பதை யோசித்தால் அதிசயம் இல்லை. கோயில்தான் ஊரின் பொன்னும் நெல்லும் சேரும் இடம். நேர்த்திக்கு வரும் பொன்னை வாங்கிப் பார்த்து, நிறுத்து, எழுதிவைக்க ஓர் ஆள் வேண்டும். தஞ்சைப் பெரியகோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒவ்வொரு நகையும் எந்தக் கல்லால் நிறுக்கப்பட்டது என்பதுவரை எழுதியிருக்கிறார்கள். அந்த எடைக்கல்லுக்கு ஆடவல்லான் என்று இறைவனின் பெயர். நெல் அளக்கும் மரக்காலுக்கும் அதே பெயர். சாமியின் பெயரால் நிற்கும் அளவையில் கைவைக்க ஆளுக்குப் பயம் வரும் என்ற கணக்கு அதில் இருந்திருக்கும். அதைவிட முக்கியம், என்ன கல்லால் நிறுத்தோம் என்பதைக் கல்லில் வெட்டி எல்லாரும் பார்க்க வைத்தது.

ஸ்கொட்லாந்தில் தராசின் பெயர் தேவாலயத்துக்குப் போனது. மட்டக்களப்பில் நிறை பார்ப்பவரின் பெயர் கோயில் முதல்வருக்கு வந்தது. இரண்டு இடத்திலும் தொழில் போய்ப் பெயர் நின்றிருக்கிறது. பெயர் நின்ற இடத்தைப் பார்த்தால், நிறுவையை ஊர் யாரிடம் நம்பிக் கொடுத்தது என்று விளங்கும். வாங்குகிறவனிடமும் கொடுக்கவில்லை, விற்கிறவனிடமும் கொடுக்கவில்லை. பொதுவில் நிற்கும் மூன்றாவது ஆளிடம் கொடுத்தார்கள்.

களத்தில் அளந்த காலம்

எங்கள் பக்கத்தில் நெல்லை நிறுக்கவில்லை, அளந்தார்கள். சுண்டு, கொத்து, மரைக்கால், புசல், அவணம் என்று அது ஏறும். 4 சுண்டு ஒரு கொத்து. 32 கொத்து ஒரு புசல். நெல்லாக இருந்தால் ஒரு புசல் 46 இறாத்தல், இன்றைய கணக்கில் 21 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வயலின் பரப்பைக்கூட விதைநெல்லின் அளவில்தான் சொன்னார்கள். 'இத்தனை அவண விதைப்பு' என்றால் நிலம் எவ்வளவு என்று கேட்டவருக்கு விளங்கும்.

சூடு மிதித்து, தூற்றி, பொலி குவிந்த பிறகு களத்தில் நடக்கும் அளப்பு ஒரு சடங்குபோல இருக்கும் என்று என் தகப்பனார் சொல்வார். படுவான்கரையில் வயல் செய்தவர் அவர். களத்துக்கென்றே தனிப்பேச்சு இருந்தது. சாதாரணச் சொற்களை அங்கே வாயில் எடுக்கமாட்டார்கள். அளக்கும்போது முதலாவதை ஒன்று என்னாமல் இலாபம் என்று எண்ணத் தொடங்குவார்கள். போடியார் நிற்பார், முல்லைக்காரர் நிற்பார், வெட்டினவர்கள், கூலிக்குக் காத்திருப்பவர்கள் எல்லாரும் நிற்பார்கள். சத்தமாக எண்ணுவது சாமிக்கு மட்டுமல்ல, சுற்றி நிற்பவர்களுக்கும்தான்.

"எண்ணிக்கை வாயால வரவேணும் மனே, மறுகா அது காதால போகவேணும்" என்பார்.

அந்தக் களத்திலும் அநியாயம் இல்லாமலில்லை. மரைக்காலைக் கும்பமாகக் குவித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்பதிலேயே ஒரு குடும்பத்தின் சாப்பாடு இருந்தது. வாங்கும்போது கும்பம், கொடுக்கும்போது தலைதட்டு என்று நடந்த பெரிய வளவுகளைப் பற்றி எங்கள் ஊரில் பகிடிக்கதைகள் உண்டு. ஆனால் கும்பமா தலைதட்டா என்பது கண்ணுக்குத் தெரியும். தெரிந்தால்தான் பகிடியாவது பண்ணலாம்.

மீனும் அப்படித்தான். வாவியில் வலையிழுத்து வந்தவர்கள் கரையில் கூறு போட்டு விற்றார்கள். ஒரு கூறு மணலை, ஒரு கூறு இறால். கூறு சிறிதா பெரிதா என்று பார்த்தவுடனே பேரம் தொடங்கும். நிறை தெரியாது, அளவு தெரியும்.

வாவி எல்லையான காலம்

மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம்வரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. நெல் மேற்கே விளைந்தது, சந்தையும் கடையும் கிழக்கே இருந்தன. இடையில் மண்முனை, அம்பிளாந்துறை, மண்டூர் என்று ஓடத்துறைகள்.

யுத்தக் காலத்தில் இந்தத் தண்ணீர் எல்லையாகிவிட்டது. 2007 வரை படுவான்கரை ஒரு கட்டுப்பாட்டில், எழுவான்கரை இன்னொரு கட்டுப்பாட்டில். ஓடத்துறையில் சோதனை. உரம் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, சீமெந்து எவ்வளவு என்பதற்கு அனுமதி தேவைப்பட்ட காலங்களை நாங்கள் கண்டோம். தமிழில் 'நிறுத்து' என்ற எழுத்துக்கு இரண்டு பொருள். நெல்லை நிறுத்துக் கொடுத்தான் என்பது ஒன்று, வண்டியை நிறுத்து என்பது மற்றது. அந்த வருடங்களில் இரண்டும் ஒரே துறையில் நடந்தன. அந்தப்பக்கம் கொண்டுபோனால் என்ன விலை என்று தெரிந்தும், கொண்டுபோக முடியாதவர்கள், வந்த யாவாரிக்கு அவர் சொன்ன விலையில், அவர் கொண்டுவந்த தராசில் கொடுத்தார்கள். தராசைச் சோதித்துப் பார் என்று கேட்கும் நிலையில் யாரும் இல்லை.

2007 இல் படுவான்கரை மக்கள் கைப்பையோடு வாவியைக் கடந்து முகாம்களுக்கு வந்தபோது நிறுவை வேறு உருவத்தில் வந்தது. நிவாரண அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய். தலைக்கு இவ்வளவு. வீட்டில் அவணக்கணக்கில் நெல் வைத்திருந்தவர்கள் பால்பேணியால் அரிசி அளந்து வாங்கினார்கள். பேணி நிறைந்ததா, விளிம்புக்குக் கீழே நின்றதா என்று வரிசையில் நிற்கும் ஒரு தாய் பார்க்கும் பார்வையை நான் மறக்கவில்லை. ஆடவல்லான் கல்லைக் கல்வெட்டில் எழுதச் சொன்னதும் அந்தப் பார்வைக்குப் பதில்சொல்லத்தான்.

இன்றைக்கு யாருடைய தராசு?

மண்முனையில் 2014 இல் பாலம் வந்துவிட்டது. லொறி நேரே வயலடிக்குப் போகிறது. அறுவடை இயந்திரம் காலையில் வெட்டினால் பின்னேரம் நெல் சாக்கில். காயப்போட இடமும் இல்லை, நேரமும் இல்லை. இயந்திரக் கூலி, உரக்கடன், அடகு வைத்த நகையின் வட்டி எல்லாம் அதே கிழமையில் வாசலில் நிற்கும். ஈரநெல்லாகவே கொடுத்துவிடுகிறோம். நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்குவதென்றால் ஈரப்பதன் நூற்றுக்கு 14 ஐத் தாண்டக்கூடாது. காயவைக்க முடியாத சிறிய விவசாயிக்கு அந்தக் கதவு பாதி மூடியதுதான்.

ஆகவே யாவாரி வருகிறார். தராசும் அவருடையது, கணக்குக் கொப்பியும் அவருடையது. சாக்கு நிறைக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு, பதருக்கு ஒரு கழிவு. நியாயமான கழிவு இருக்கிறது, மறுக்கவில்லை. ஈரநெல் காய்ந்தால் நிறை குறையத்தான் செய்யும். ஆனால் எவ்வளவு என்பதை அளந்து பார்க்காமல் மூடைக்கு இத்தனை கிலோ என்று ஒருவரே சொல்லிவிடுவது வேறு விஷயம்.

ஒரு கணக்குப் போடுவோம். மூடைக்கு 2 கிலோ அதிகமாகக் கழிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய களவாக யாருக்கும் தெரியாது. 40 மூடை கொடுத்தால் 80 கிலோ. பழைய கணக்கில் கிட்டத்தட்ட 4 புசல். அந்தக் காலத்துக் களத்தில் நாலு புசல் நெல்லை எல்லாரும் பார்க்க ஒருவர் தூக்கிக்கொண்டு போயிருந்தால் அடிதடி நடந்திருக்கும். இன்று அது கொப்பியில் ஒரு வரியாகப் போய்விடுகிறது. விலைக்காக வீதிமறியல் செய்கிறோம், ஊடகத்துக்குப் பேசுகிறோம். நிறைக்காக யாரும் வீதிக்கு வந்ததில்லை. விலை எல்லாருக்கும் ஒன்றாகத் தெரியும், நிறைக்குறைவு வீடு வீடாகத் தனித்தனியே நடக்கிறது. ஓர்க்னித் தீவுக்காரர் கண்ட விஷயம் இதுதான். எண் மாறாது, பாரம் மாறும்.

வாவியில் தொழில் செய்பவர்களுக்கும் இதேதான். இறாலுக்கும் நண்டுக்கும் நல்ல விலை வந்தபிறகு கூறு போய்க் கிலோ வந்தது. கிலோ நியாயமான அளவுதான், தராசு நியாயமாக இருந்தால். வலைக்கும் தோணிக்கும் முற்பணம் வாங்கியவர் அந்த முதலாளிக்கே பிடித்ததைக் கொடுக்கவேண்டும். கடன் கொடுத்தவரின் தராசில் சந்தேகம் கேட்பது எளிதல்ல. கணவனை யுத்தத்தில் இழந்து, தனியே வயலையோ தோணியையோ பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அது இன்னும் கடினம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் இருக்கிறது. அதற்கென்று ஒரு திணைக்களம் இருக்கிறது. வியாபாரத்துக்குப் பயன்படும் தராசைச் சோதித்து முத்திரை குத்தவேண்டும். கடைத்தராசில் அந்த முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். வயல் வரம்புக்கு வரும் தராசில் பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி. முறைப்பாடு செய்யப் பொதுமக்களுக்கு உரிமை உண்டு.

செய்யக்கூடியவை சில இருக்கின்றன, பெரிய செலவும் இல்லை. நெல்லை ஏற்றுமுன் வெறும் தராசு சுழியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். வெறும் சாக்கை நிறுத்து, அந்த நிறையைமட்டும் கழிக்கச் சொல்லுங்கள். நிறை ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளை, உடைக்காத உரப்பை ஒன்றை, முதலில் அந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மூடையின் நிறையையும் சத்தமாகச் சொல்லச் சொல்லி உங்கள் கொப்பியிலும் எழுதுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று பக்கத்தில் இருந்து எழுதினாலே போதும். தனியே நிற்காமல் இரண்டு மூன்று வயல்காரர் ஒன்றாக நின்று நிறுங்கள்.

அதற்கு மேலே ஒன்று ஊர் செய்யவேண்டும். ஒவ்வொரு ஊரிலும் சோதித்து முத்திரையிட்ட பெரிய தராசு ஒன்று பொதுவில் இருக்கட்டும். விவசாய அமைப்போ, மீனவர் சங்கமோ, கூட்டுறவுச் சங்கமோ, பிரதேச சபையோ வாங்கி வைக்கலாம். யாவாரியின் தராசில் சந்தேகம் வந்தால் ஒரு மூடையைக் கொண்டுவந்து இங்கே வைத்துப் பார்க்கலாம். ஸ்கொட்லாந்தில் துரோனைப் பார்த்துக்கொண்ட நகரசபையும் பிழைவிட்டது, பெருத்த இறாத்தலால் நாட்டுப்புறத்தானை ஏய்த்தது. ஆகையால் வாங்கி வைத்தால் மட்டும் போதாது. வருடாவருடம் சோதிக்கவேண்டும், சோதித்த திகதியை எல்லாரும் வாசிக்கும்படி எழுதி ஒட்டவேண்டும்.

அந்தத் தராசை எங்கே வைப்பது என்று வாதப்படும் ஊர்கள் இருக்கும். கோயில் வீதியில் ஒரு மண்டபமும், அங்கே வண்ணக்கர் என்று ஒருவரும் எங்கள் ஊர்கள் பலவற்றில் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர் பதவியின் பெயருக்கு இந்த வேலை புதிதல்ல.